பெருந்தொற்றுக் காலத்தில் சமூக ஊடகங்களை அளவுக்கு மீறிப் பார்த்தது உங்கள் மனநிலையை எப்படிப் பாதித்தது? எப்படி மீண்டீர்கள்?

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, நிலவரம் தெரிந்தால் வீட்டாரைக் காப்பாற்றலாம் என்றுதான் கைப்பேசியை எடுத்தேன். மே மாதத்துக்குள் இரவு இரண்டு மணி வரை அதை வைக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டேன்.

கோயம்பேடு சந்தையில் பரவிய தொற்று, அங்கு வேலை செய்து ஊர் திரும்பியவர்கள் வழியாக எங்கள் மாவட்டத்திலும் எண்ணிக்கையைச் சட்டென்று உயர்த்திய நாட்கள் அவை. எந்தத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வந்தது என்ற தகவலும், யார் பேசியது என்றே தெரியாத குரல் பதிவுகளும் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் வந்தன. அடுத்த தெருவில் ஒரு குடும்பத்துக்குத் தொற்று என்று சொன்ன பதிவொன்றை நானும் நான்கு பேருக்கு அனுப்பினேன். அது பொய் என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று; அதற்குள் பால்காரர் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். நால்வரையும் அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே அதை வேறொரு குழுவில் போட்டிருந்தார். தூக்கம் கெட்டதைவிட இதுதான் என்னை அதிகம் வருத்தியது.

2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில், அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேலாக அச்செய்திகளைப் பார்த்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தத்தைத் தெரிவித்திருந்தார்கள். எனக்கு இது வியப்பாக இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப்போட்டபோது பல நாட்கள் மின்சாரமே இல்லை. ஆனாலும் விழுந்த மரத்தை வெட்ட, பக்கத்து வீட்டுக் கூரையைத் தூக்கி நிறுத்த என்று கைக்கு வேலை இருந்ததால், அச்சம் மனத்தில் தங்கவில்லை. தொற்றுக் காலத்திலோ அச்சம் மட்டுமே கைக்குள் வந்துகொண்டிருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை.

செய்தியை நாளுக்கு ஓரிரு முறை மட்டும் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் அப்போதே அறிவுறுத்தியிருந்தது. அதன்படி, மாலையில் சுகாதாரத்துறை வெளியிடும் அறிக்கையை மட்டும் படிப்பது, இரவில் கைப்பேசியைச் சமையலறை அலமாரியில் வைப்பது, நெல்லிக்குப்பத்தில் தனியாக இருந்த சித்தியிடம் தினமும் பேசுவது என்று மாற்றிக்கொண்டேன். முதல் வாரம் கை அலமாரியையே தேடிப் போயிற்று. மூன்றாவது வாரத்தில்தான் முழு இரவும் உறங்கினேன்.

எல்லாக் குழுக்களையும் விட்டு விலகவில்லை. 2021இல் இரண்டாம் அலையின்போது சித்திக்கு ஆக்சிஜன் படுக்கை கிடைத்தது தன்னார்வலர் குழு ஒன்றின் வழியாகத்தான். அந்த ஒரு குழுவின் ஒலியை மட்டும் நான் அணைத்து வைக்கவில்லை.