டிவிடி டிரைவ் இடத்தில் போட்ட இரண்டாவது ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை

வணக்கம் நண்பரே. லேப்டாப்பின் டிவிடி டிரைவைக் கழற்றி, அந்த இடத்தில் பொருந்தும் கேடி என்ற சட்டத்தில் போட்ட பழைய ஹார்ட் டிஸ்க் 'திஸ் பிசி'யில் வரவில்லை என்கிறீர்கள். முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள்.

அங்கே டிஸ்கின் பெயர் இருந்தால் வன்பொருளில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த பகுதி) இருந்தும் D, E போன்ற டிரைவ் எழுத்து இல்லையென்றால், வலது கிளிக் செய்து டிரைவ் லெட்டர் கொடுத்தால் போதும். 'இனிஷியலைஸ்' (டிஸ்கைப் புதிதாகத் தயார் செய்வது) கேட்டால் அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீர்கள். பழைய கோப்புகள் வேண்டுமென்றால் அவற்றை மீட்கும் வழியை முதலில் பாருங்கள். புது டிஸ்க் என்றால், பார்ட்டிஷன் விவரங்களைப் பதியும் இரண்டு முறைகளில் ஜிபிடி தேர்ந்தெடுங்கள், மற்ற முறையான எம்பிஆரில் 2 டிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது.

பயாஸிலேயே இல்லையென்றால் என் சந்தேகம் கேடி மேல்தான். 9.5 மிமீ, 12.7 மிமீ என இரண்டு தடிமனில் வரும். 12.7 இடத்தில் 9.5 போட்டால் கனெக்டர் நேராகப் பொருந்தாது. சில கேடிகளில் சின்ன ஸ்விட்ச் இருக்கும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு அதை மாற்றிப் பாருங்கள்.

அப்போதும் வராவிட்டால் அந்த டிஸ்கை முதன்மை டிஸ்க் இடத்தில் மாட்டிப் பயாஸைப் பாருங்கள். அங்கே தெரிந்தால் கேடியை மாற்றுங்கள்.