வற்றிய குளத்தில் என்ன பார்ப்பது?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

குளக்கரையில் சமாதியும் மசூதியும் அரண்மனையும் சேர்ந்து நிற்கும் சர்கேஜ் ரோஜாவைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்பி, மே மாதம் வடோதராவிலிருந்து குடும்பத்தோடு அகமதாபாத் போனேன். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். “இதைக் காட்டவா இந்த வெயிலில் இழுத்துவந்தீர்கள்?” என்று மனைவி கேட்டாள். இன்னொரு சந்தேகம். மசூதி என்றால் வளைவும் மினாரும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே தூணும் உத்தரமுமாக, எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் நிற்பதுபோலவே இருந்தது. கோயிலை இடித்துக் கட்டியதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோடையில் போகவேண்டாம் என்று எழுதாமல் விட்டது என் தப்புதான். உங்கள் மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆனால் குளத்தைப் பார்க்கவில்லை என்று நீங்கள் வருந்துவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் முதலில் போனது நல்ல மழைக்குப் பிறகு. தண்ணீர் ததும்பி நின்றது. கரை மண்டபங்கள் தலைகீழாக அதில் ஆடின. நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை போனபோது உங்களைப்போல வெறுங்குளத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கற்படிகள் எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் உள்ளே வரும் மதகின் அருகே போனேன். கோயில் கோபுரத்துக்குச் செய்வதுபோல அதற்குச் செதுக்குவேலை செய்திருக்கிறார்கள். தண்ணீர் புகும் வாய்க்கு இத்தனை சிங்காரமா என்று நின்றுவிட்டேன். அகமதாபாத் சுல்தான்களுக்கு இதில் ஒரு பிரியமே இருந்திருக்கவேண்டும். 1451இல் சுல்தான் குத்புதீன் வெட்டி முடித்த காங்கரியா ஏரியிலும் மூன்று வட்டக் கண்களோடு மதகைப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

அதே 1451இல்தான் சர்கேஜில் ஷேக் அகமது கட்டுவின் சமாதியும் முடிந்தது. 1411இல் நகரத்தை நிறுவிய அகமது ஷா மதித்த சூஃபிப் பெரியவர் அவர். ரோஜா என்றதும் பூ ஞாபகம் வந்தால் அதை விட்டுவிடுங்கள். ரவ்ஸா என்ற அரபுச் சொல் குஜராத்தில் அப்படி ஆகிவிட்டது. தோட்டம் என்று பொருள், கல்லறைக்கும் ஆகிவந்த பெயர். ஏறத்தாழ 17 ஏக்கர் குளத்தை வெட்டியது பின்னால் வந்த சுல்தான் மகமூது பேகடா. கரையில் அரண்மனையும் அந்தப்புரமும் கட்டி வாழ்ந்து பார்த்தவர், கடைசியில் தானும் அங்கேயே அடங்கினார். ராணி ராஜ்பாயின் கல்லறையும் பக்கத்திலேயே இருக்கிறது.

இனி உங்கள் சந்தேகம். அகமதாபாத்தில் கோயில் தூண்களை எடுத்துக் கட்டிய மசூதி உண்டு. கோட்டைப் பகுதியில் 1414இல் கட்டிய அகமது ஷா மசூதிக்குள் போனால் தெரியும்; சமஸ்கிருதக் கல்வெட்டோடு ஒரு தூண்கூட நிற்கிறது. அதை மறைக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எடுத்து நட்ட தூண்கள் ஒன்றுபோல இருக்காது. உயரம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றியிருப்பார்கள். சர்கேஜில் வரிசை பிசகாமல் ஒரே அளவில் நிற்கின்றனவே, அவை அந்த மசூதிக்கென்றே அறுத்த கற்கள். கட்டியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோயிலும் சமணப் பள்ளியும் எழுப்பிய கைகள். தூணை நிறுத்தி உத்தரம் ஏற்றுவது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. மசூதி வேண்டும் என்று சுல்தான் கேட்டார். தங்களுக்குத் தெரிந்தபடி கட்டிக்கொடுத்தார்கள். உங்கள் ஊர் மண்டபம் ஞாபகம் வந்ததென்றால் உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

வெயில் என்றீர்களே, சமாதியின் கல் ஜாலிகளுக்கு, அதாவது கல்லில் குடைந்த சல்லடைத் தட்டிகளுக்கு, பின்னால் கொஞ்சம் உட்கார்ந்தீர்களா? அன்று ஒரு முதியவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் தூங்கினார். ஜாலியின் ஓட்டைகள் அவருடைய வெள்ளைச் சட்டைமேல் வெயில் பொட்டுகளாக விழுந்து, மெல்ல மெல்லத் தோளை விட்டு நகர்ந்துகொண்டிருந்தன.

குளத்துக்குள் எத்தனை படிகள் என்று நானும் எண்ணத் தொடங்கினேன். பதினொன்றாவதில் நிற்கும்போது பந்து வந்து காலடியில் விழுந்தது. எடுத்து எறிந்தேன், பாதி தூரம்கூடப் போகவில்லை. பையன்கள் சிரித்த சிரிப்பில் கணக்கு விட்டுப்போயிற்று. நீங்கள் எண்ணியிருந்தால் எழுதுங்கள்.