கீமோ நடக்கும்போது படம் வரையலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை. வலது மார்பகத்தில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நெறிகட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கீமோவில் சிவப்பு மருந்து நான்கு தடவை முடிந்தது. இப்போது வியாழன்தோறும் பாக்லிடாக்செல் என்ற மருந்து ஏறுகிறது. சின்ன வயதிலிருந்தே கோலம், தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் போடுவேன், கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுப்போயிற்று. லீவில் இருப்பதால் மறுபடி வரைய ஆரம்பித்தேன். "உடம்பு தேறுற வரைக்கும் கைக்கு வேலை குடுக்காதே" என்கிறார் மாமியார். ஒரு படத்தை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வைத்தேன். சொந்தக்காரர் ஒருவர், "இந்த நேரத்துல இது தேவையா? அனுதாபம் தேடுறியா?" என்று கேட்டுவிட்டார். அதோடு நிறுத்திவிட்டேன். சில வாரமாக விரல் நுனி மரத்துப்போய் பிரஷ் நழுவுகிறது. வரைந்தால் புற்றுநோய் சீக்கிரம் குணமாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், உண்மையா? (பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்)

மருத்துவர் பதில்: தாராளமாக வரையுங்கள். மாமியாரின் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வீடியோ.

படம் வரைந்தால் புற்றுநோய் குணமாகாது. கட்டியை எடுத்தது ஆபரேஷன். கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கக்கூடிய செல்களை அழிக்கத்தான் கீமோ. இந்த வேலையில் பிரஷ்ஷுக்குப் பங்கு கிடையாது. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. வரைந்தால் குணமாகும் என்று நம்பிவிட்டால், எழுந்து உட்காரவே முடியாத நாளில் "இன்றைக்கு வரையவில்லையே, என்ன ஆகுமோ" என்ற பயமும் சேர்ந்துவிடும். ஏற்கெனவே மாத்திரை டப்பா, ரத்தப் பரிசோதனை, அடுத்த தேதி என்று உங்களுக்குக் கடமைகள் போதும். இதையும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

அதற்காக, வரைவதால் ஒரு பயனும் இல்லை என்று அர்த்தமில்லை. சிகாகோவில் உள்ள நார்த்வெஸ்டர்ன் மெமோரியல் மருத்துவமனையில் படுக்கையில் இருந்த 50 புற்றுநோயாளிகளை ஒரு மணி நேரம் படைப்பு வேலையில் ஈடுபடுத்தி, முன்னும் பின்னும் ஒன்பது தொல்லைகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். 2006-ல் வந்த ஆய்வு இது. வலி, களைப்பு, பதற்றம், மனச்சோர்வு உட்பட எட்டும் குறைந்திருந்தன. குறையாத ஒன்று குமட்டல். சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வரையாத இன்னொரு குழுவும் அதில் இல்லை. இருந்தாலும் அந்தக் குமட்டல் சமாசாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு ஆய்வு சொன்னால்தான் சந்தேகம் வரும். ஆக, குமட்டலுக்குக் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள். வலிக்கும் அப்படியே. வரைவது மருந்தோடு சேர்ந்து வரலாம், மருந்துக்குப் பதிலாக வரக்கூடாது.

எங்கள் டே கேர் வார்டுக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தோடு படம் வரைவதை விட்டவர். டிரிப் ஏறும் நாலு மணி நேரத்தில் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் வரைவார். எப்போதும் ஒரே பொருள்: டிரிப் ஸ்டாண்டு. ஒரு நாள் அதன் உச்சியில் பனை ஓலை முளைத்திருக்கும், இன்னொரு நாள் சுங்கச்சாவடிக் கம்பமாக மாறி லாரியை மறித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்த நர்ஸ் "எனக்கு ஒண்ணு" என்று கேட்க, ஊசி குத்தும் அவர் கையையே வரைந்து கொடுத்தார். கட்டைவிரல் மட்டும் ரொம்பப் பெரிதாக இருந்தது. எவ்வளவு மருந்து, எந்த நரம்பு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சிகிச்சைக் காலத்தில் எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் முடிவு செய்கிறோம். அந்தக் கவரின் பின்பக்கத்தில் மட்டும் அவர் இஷ்டம். அந்த நேரத்தில் அவர் "அடுத்த பெட் நோயாளி"யும் இல்லை. நீங்கள் எழுதிய கடிதத்திலும் இதுதான் எனக்குக் கேட்கிறது.

சரி, உடம்புக்கு வருவோம்.

முதலில் விரல். பாக்லிடாக்செல் கை, கால் விரல் நுனிகளின் நரம்பைப் பாதிக்கும். மரமரப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, பொருள் நழுவுவது எல்லாம் அதன் அடையாளம். உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் சொன்னதாக ஒரு வரி இல்லையே! சொல்லியே ஆகவேண்டும். "மருந்தை நிறுத்திவிடுவார்களோ" என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். அளவைக் குறைப்பது, ஒரு வாரம் தள்ளிப் போடுவது, வேறு மருந்துக்கு மாற்றுவது என்று அவரிடம் வழிகள் இருக்கின்றன. முற்றிவிட்டால் கீமோ முடிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடிகிறதா, சில்லறை எண்ண முடிகிறதா, செருப்பு கழன்றது தெரிகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். அவருக்கு அது எந்த ஸ்கேனிலும் தெரியாது. நரம்புக்கு நல்லது என்று கடையில் தாமாகவே பி6 மாத்திரையை வாங்கி அளவுக்கு மீறிப் போடுபவர்கள் உண்டு. அதிக அளவு பி6 தானே நரம்பைக் கெடுக்கும். வேண்டாம்.

பிரஷ் நழுவினால் அதன் காம்பில் பழைய துணியையோ ஸ்பாஞ்சையோ சுற்றி ரப்பர் பேண்டு போட்டுப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். மெல்லிய பிரஷ்ஷைவிட ஆயில் பேஸ்டல், தடித்த மார்க்கர் கைக்கு அடங்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் கல் பதிப்பதும் தங்கத்தாள் வெட்டி ஒட்டுவதும் நுனிவிரல் வேலை, இப்போதைக்கு அதைத் தள்ளிவைக்கலாம். பலகை தயார் செய்து உப்புத்தாள் போடும்போது எழும் சுண்ணாம்புத் தூளும் உங்களுக்கு வேண்டாம். அதையே பேப்பரில், வாட்டர் கலரில் போட்டுப் பாருங்கள். கிருஷ்ணர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓவியர் ஹென்றி மாத்தீஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1941-ல், 71 வயதில், வயிற்றுப் பகுதிப் புற்றுநோய்க்கு லியோன் நகரில் பெரிய அறுவை சிகிச்சை. பிழைப்பாரா என்றே சந்தேகப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவரால் ஈசல் முன்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. உதவியாளர்கள் பேப்பர் முழுக்க வண்ணம் பூசிக் கொடுக்க, படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே கத்தரியால் வெட்டி வெட்டி உருவங்கள் செய்தார். சுவரில் வரையவேண்டி வந்தபோது நீளமான மூங்கில் குச்சியின் முனையில் கரிக்கட்டியைக் கட்டிக்கொண்டார். இப்படி 1954-ல் இறக்கும் வரைக்கும் வேலை செய்தார். இன்று உலகம் முழுக்க அவரை அடையாளம் காட்டுவதில் அந்தக் கத்தரி வேலைக்குப் பெரிய இடம் உண்டு. இதைச் சொன்னதும் நாளைக்கே கத்தரியைத் தூக்கிவிடாதீர்கள். மரத்த விரலுக்கு வெட்டு விழுந்தது தெரியாது. கீமோவில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் ரத்தமும் லேசில் நிற்காது. குழந்தைகளின் மழுங்கிய கத்தரி போதும், இல்லையென்றால் கலர் பேப்பரைக் கையால் கிழித்து ஒட்டுங்கள். கிழிந்த ஓரம் பார்க்கவும் நன்றாகவே இருக்கும். கட்டர் பிளேடும் சூடான பசைத் துப்பாக்கியும் கூடாது.

அடுத்து, மாமியார் சொன்ன கை. நெறிகட்டி எடுத்த பக்கத்துக் கையில் நீர் கோத்து வீங்க வாய்ப்பு உண்டு என்பது உண்மை. வரைவதால் அது வருவதில்லை. கையை அசைக்காமலே வைத்திருந்தால்தான் தோள்பட்டை இறுகிப் போகும். மேசையில் முழங்கையைத் தாங்கலாக வைத்து வரையுங்கள், அரைமணிக்கு ஒருமுறை நிறுத்திக் கையை மேலே தூக்கி, விரல்களை மடக்கி விரித்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். குனிந்து வாசலில் பெரிய கோலம் போடுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். கை வெகுநேரம் தொங்கும், எழும்போது தலையும் சுற்றும். நோட்டில் புள்ளி வைத்துப் போடலாமே. வளையல் திடீரென்று இறுகினாலோ கை கனத்தாலோ காட்டுங்கள். அந்தக் கையில் வெட்டுப்பட்ட இடம் சிவந்து பரவினால் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், நடுராத்திரி என்றாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஒரு விஷயத்தை ஓவியர்களிடம் கேட்காமல் விடமாட்டேன்: பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உண்டா? இருந்தால் இன்றோடு விடுங்கள். சில வண்ணங்களில் காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கும். கீமோவில் வாய்ப்புண் வேறு. பிரஷ் கழுவிய தண்ணீரையும் அன்றன்றைக்கே கொட்டிவிடுங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பழைய ஈரக் களிமண்ணைத் தொடாதீர்கள், அதில் பூஞ்சை இருக்கும். டர்பன்டைன், எனாமல் வாடை குமட்டலைக் கிளப்பும், அதனால் ஆயில் பெயிண்ட் பிறகு. பாக்லிடாக்செல்லில் நகமும் பலவீனமாகும். டப்பா மூடியை நகத்தால் நெம்பாமல் ஸ்பூன் காம்பால் திறங்கள்.

எப்போது வரைவது? உங்கள் உடம்பின் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கீமோ அன்று போடும் டெக்சாமெத்தசோன் ஊசியால் அன்றிரவு பலருக்குத் தூக்கம் வராது, கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். இரண்டு, மூன்று நாள் கழித்து அப்படியே துவண்டுவிடும். தூக்கம் வராத இரவில் போனைத் தடவுவதற்கு நோட்டு எவ்வளவோ மேல். துவளும் நாளில் நோட்டை மூடி வையுங்கள்.

இனி ஸ்டேட்டஸ். அந்தச் சொந்தக்காரரின் கேள்விக்கு என் பதில்: அனுதாபம் தேடினால்தான் என்ன? மார்பை அறுத்து, முடி கொட்டி, வாரா வாரம் ஊசி குத்திக்கொள்பவர் கொஞ்சம் அனுதாபம் கேட்பது குற்றமா? அது ஒருபக்கம் இருக்கட்டும். நீங்கள் அதைத்தான் தேடினீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போட்ட கோலத்தை நாலு பேர் பார்க்கவேண்டும் என்றுதானே வாசலில் போடுகிறோம்? "எப்படி இருக்கே" என்று கேட்க வாய் வராமல் ஒதுங்கிப் போகிறவர்களுக்குப் படம் ஒரு சாக்கு. "இந்த நீலம் நல்லாருக்கு" என்று ஆரம்பித்து அப்புறம் மெதுவாக உடம்பைப் பற்றி விசாரிப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளும் நேராகக் கேட்கத் தயங்குவதைப் படத்தைக் காட்டிக் கேட்பதுண்டு.

ஆனால் எல்லோருக்கும் காட்டவேண்டிய அவசியமில்லை. ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி வாட்ஸ்ஆப்பிலேயே இருக்கிறது. அந்தச் சொந்தக்காரரை அதிலிருந்து விலக்கிவிடுங்கள், அவருக்குத் தெரியவும் தெரியாது. வெளியில் பொதுவாகப் போடுவதாக இருந்தால், படத்தோடு மருத்துவமனை ஃபைல் எண்ணோ, பக்கத்து பெட்காரர் முகமோ விழாமல் பாருங்கள். புற்றுநோய் என்ற சொல்லைப் பார்த்ததும் கஷாயம், பவுடர், அதிசய ஜூஸ் விற்பவர்கள் வரிசையாக வருவார்கள். அவற்றில் சில கீமோவோடு மோதி ஈரலைக் கெடுக்கும். கமெண்ட்டுகளை முதலில் உங்கள் தோழியோ கணவரோ படித்து, வேண்டியதை மட்டும் உங்களிடம் சொல்லட்டும். யாருக்கும் காட்டாமல் பீரோவில் வைக்கிற படங்களும் இருக்கலாம். கோபத்தில் கறுப்பாகக் கிறுக்கியவை, அழகில்லாதவை. அதுவும் சரிதான். புற்றுநோயாளி வரைந்தால் சூரியோதயமும் பட்டாம்பூச்சியும்தான் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

வரைவதில் மட்டுமல்லாமல் எதிலுமே நாட்டம் இல்லை, தூக்கமில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அதைப் படத்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் சிகிச்சைக் குழுவிடம் சொல்லுங்கள், மனநல ஆலோசனையும் மருந்தும் உண்டு. டெலி மானஸ் உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இப்போது ஒரு வேலை தருகிறேன், ஆசிரியைக்கே வீட்டுப்பாடம். ஒரு பேப்பரில் இரண்டு கைகளையும் வைத்துச் சுற்றி அவுட்லைன் போடுங்கள், பாதங்களுக்கும் அப்படியே. மரத்திருக்கும் இடத்தில் ஒரு நிறம், எரிச்சல் உள்ள இடத்தில் இன்னொரு நிறம் பூசி, ஓரத்தில் தேதி எழுதுங்கள். வாரம் ஒன்று போதும். வியாழக்கிழமை ஊசி ஏறுவதற்கு முன்னால், பிளட் ரிப்போர்ட்டோடு சேர்த்து அதையும் உங்கள் மருத்துவர் மேசையில் வையுங்கள். நிறம் நுனியிலிருந்து உள்ளங்கைப் பக்கம் இறங்குகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த டோஸை அவர் முடிவு செய்யவேண்டியிருக்கும்.