பெட்டியைப் பிரிக்கும் முன் அளவு டேப்பை எடுங்கள்!

வீட்டுத் திரை: வாசகர் கேள்வி - பதில்

(பதில் சொல்பவர், தருமபுரி சுற்றுவட்டார டூரிங் டாக்கீஸ்களில் புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்துத் தொழில் பழகியவர். பிறகு தியேட்டர் கேபினில் ஆபரேட்டராக இருந்து, இப்போது வீடுகளில் புரொஜெக்டர் மாட்டித் தருகிறார்.)

*

பெங்களூரில் இருக்கும் மகன் புரொஜெக்டர் வாங்கி அனுப்பியிருக்கிறான். ஹால் 10 அடி அகலம், 16 அடி நீளம், 10 அடி உயரம். பின்சுவர் ஷெல்பில் வைத்துப் போட்டால் படம் எதிர்ச்சுவரில் அடங்காமல் பக்கத்துச் சுவரிலும் ஏறுகிறது. ரிமோட்டில் சுருக்கினால் எழுத்தெல்லாம் பிசிறடிக்கிறது. அட்டைப்பெட்டியில் 'துரோ ரேஷியோ 1.2' என்று இருக்கிறது. திருப்பி அனுப்பிவிடட்டுமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு

அனுப்பாதீங்க வாத்தியார் ஐயா. மெஷின் மேல் தப்பில்லை, அது உட்கார்ந்த இடம்தான் தப்பு. அந்த 1.2 என்பது உங்களுக்குப் பழகிய வகுத்தல் கணக்குதான். லென்ஸிலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தை 1.2-ஆல் வகுத்தால் படத்தின் அகலம் வரும். ஷெல்பிலிருந்து சுவர் 15 அடி என்றால் படம் 12½ அடி அகலம். 10 அடிச் சுவரில் அது எப்படி அடங்கும்?

ரிமோட்டில் சுருக்குவது லென்ஸ் செய்கிற வேலை இல்லை. ஓரத்துப் புள்ளிகளை அணைத்துவிட்டு நடுவில் இருக்கும் கொஞ்சப் புள்ளிகளில் முழுப் படத்தையும் அடைக்கிறது. எழுத்து பிசிறடிப்பது அதனால்தான்.

எல்லாரும் கேட்பது 100 அங்குலத் திரை. மூலைக்கு மூலை 100 அங்குலம் என்றால் அகலம் 7 அடி 3 அங்குலம், உயரம் 4 அடி 1 அங்குலம். அதற்கு உங்கள் மெஷின் சுவரிலிருந்து 8 அடி 9 அங்குலத்தில் இருக்க வேண்டும். அங்கேதான் வில்லங்கம். 16 அடி ஹாலின் நடுவில், 8 அடியில், ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். 1200 மி.மீ. ஃபேன் என்றால் இறக்கை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி எட்டும். ஆக, 6 அடியிலிருந்து 10 அடி வரை ஃபேனின் ராஜ்ஜியம். அதற்குள் எதையும் தொங்கவிட முடியாது.

நான் மாட்டினால் 120 அங்குலத்துக்குத்தான் மாட்டுவேன். அகலம் 8 அடி 9 அங்குலம். உங்கள் சுவரில் இரண்டு பக்கமும் அரை அடிக்கு மேல் மிச்சம் இருக்கும். 1.2-ஆல் பெருக்கினால் தூரம் 10½ அடி. ஃபேனைத் தாண்டிவிட்டோம். பின்சுவரை ஒட்டி சோபா போட்டால் கண்ணுக்கும் திரைக்கும் 14 அடி வரும். 120 அங்குலத்துக்கு 12 முதல் 16 அடி வரை உட்கார்ந்து பார்க்கத் தோதான தூரம்தான்.

அடுத்தது உயரம். ஃபேன் இறக்கை தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 8½ அடிக்கு மேல் இருக்கும். லென்ஸ் அதற்குக் கீழே, 8 அடியில் நிற்கிற மாதிரி இரண்டு அடிக் கம்பியில் மெஷினைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். லென்ஸ் இறக்கைக்கு மேலே போனால் படம் முழுக்க ஃபேன் நிழல் வெட்டும். தலைகீழாகத் தொங்கும் மெஷின் லென்ஸ் மட்டத்துக்குக் கீழேதான் படத்தை விடும். எவ்வளவு கீழே என்பது கையேட்டில் 'ஆஃப்செட்' என்ற இடத்தில் இருக்கும். அரை அடி என்று வைத்துக்கொண்டால் படத்தின் மேல்விளிம்பு 7½ அடியில் வரும், கீழ்விளிம்பு 2 அடி 7 அங்குலத்தில். பாய் போட்டு உட்காரும் பேரப்பிள்ளைகளின் கண்ணும் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கும். திரையைச் சுவரின் உச்சியில் ஏற்றி, வீட்டில் எல்லாரையும் கோபுரம் பார்க்க வைக்கிறவர்கள் நிறைய. நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீங்க.

மாட்டிய கையோடு ஃபோகஸ் செய்து முடித்துவிடாதீர்கள். மெஷினை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறிய பிறகு ஃபோகஸ் கொஞ்சம் நகரும். அப்புறம் எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைப் போட்டு நான்கு மூலையும் பாருங்கள். இடது மூலை தெளிவாக, வலது மூலை மசங்கலாக இருந்தால் மெஷின் சுவருக்கு நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். ஃபோகஸ் வளையத்தை எவ்வளவு திருகினாலும் அது தீராது.

*

வாடகை வீடு. ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார். சோபா பக்கத்து ஸ்டூலில் சாய்த்து வைத்துப் பார்க்கிறோம். படம் கோணலாக விழுந்தாலும் 'ஆட்டோ கீஸ்டோன்' தானாகவே நேராக்கிவிடுகிறதே, பிறகு ஏன் எல்லாரும் நேராக வை, நேராக வை என்கிறார்கள்?
- வாசகி, ஓசூர்

ஒரு பழைய கதை சொல்கிறேன். தியேட்டரில் படம் ஓட்டும் கேபின் பால்கனிக்கும் மேலே இருக்கும். ஒளி சாய்வாக இறங்குவதால் படம் திரையின் கீழ்ப்பக்கம் அகலமாக விழும். புது லென்ஸ் மாட்டினால் நாங்கள் முதலில் செய்கிற வேலை, படத்தின் ஓரங்களை வரையறுக்கும் 'அப்பர்ச்சர் பிளேட்' என்ற சின்னத் தகட்டை அரத்தால் ராவுவது. ஒரு ராவு, மாட்டிப் பார், கழற்று, இன்னொரு ராவு. என் குரு பக்கத்தில் நின்றுகொண்டு, "ஜாஸ்தி ராவினா திரும்ப ஒட்ட முடியாதுடா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் ஓரம் நேராகிவிடும், மிச்சத்தைத் திரையைச் சுற்றியுள்ள கறுப்புத் துணி மறைத்துவிடும். ஆனால் உள்ளே நிற்கிற கதாநாயகன் கால் பக்கம் கொஞ்சம் அகலமாகத்தான் நிற்பார். அதைத் தகட்டால் சரி செய்ய முடியாது.

உங்கள் ஆட்டோ கீஸ்டோன் அந்தத் தகட்டைவிடக் கெட்டிக்காரன், கதாநாயகனையும் நிமிர்த்திவிடும். ஆனால் அதற்குக் கூலி வாங்கிக்கொள்ளும். 1920-க்கு 1080 புள்ளியில் அகலத்தையும் உயரத்தையும் 80 சதவீதமாகச் சுருக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 64 சதவீதப் புள்ளிதான். இருட்டுக் காட்சியில் படத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோணல் சட்டம் தெரிகிறதா? அணைத்து வைத்த புள்ளிகளிலிருந்து கசிகிற வெளிச்சம் அது.

ஆணி இல்லாமலும் வழி இருக்கிறது அம்மா. ஸ்டூலைத் திரையின் நடுக்கோட்டுக்கு, டீப்பாய் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். திரையின் நடுவிலிருந்து தரையில் ஒரு நூல் பிடித்து, லென்ஸ் அந்த நூலுக்கு நேர் மேலே வருகிற மாதிரி வையுங்கள். மெஷின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நின்றால் போதும். படம் கீழே இருக்கிறது என்று முன்காலைத் தூக்கினால் மறுபடியும் கோணல் வரும். அதற்கு ஸ்டூலையே உயர்த்துவது மேல். பிள்ளைகள் குறுக்கே ஓடும்போது நிழல் விழத்தான் செய்யும். டூரிங் டாக்கீஸிலும் விழுந்தது.

*

புது வீடு கட்டுகிறோம். அடுத்த வாரம் தளம் போடுகிறார்கள். புரொஜெக்டர் வாங்க இரண்டு வருஷம் ஆகும். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?
- வாசகர், கிருஷ்ணகிரி

இப்படி முன்கூட்டியே கேட்கிறவர் பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் பெயிண்ட் காய்ந்த பிறகு போன் செய்வார்கள்.

மெஷின் எது என்று தெரியாததால் தூரத்தை இப்போது முடிவு செய்ய முடியாது. அதனால் ஹாலின் நடுக்கோட்டில், ஃபேனுக்குப் பின்பக்கம் மூன்று அடி தள்ளி, தளத்திலேயே ஒரு பாயின்ட் விடுங்கள். அங்கே எர்த்துடன் மூன்று பின் சாக்கெட்டுக்கு ஒரு பைப், படத்தையும் சத்தத்தையும் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. வயருக்குத் தனியாக ஒரு பைப். இந்த இரண்டாவது பைப்பில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். எலக்ட்ரீஷியன் வழக்கம்போல முக்கால் அங்குல பைப் போட்டுவிடுவார். எச்.டி.எம்.ஐ. தலையின் அகலம் மட்டுமே சுமார் 2 செ.மீ.; அந்த பைப்பில் நுழையவே நுழையாது. ஒன்றரை அங்குல பைப் கேளுங்கள். திரும்பும் இடத்தில் எல்போ வேண்டாம், நீளமான பெண்ட் போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து வயரை இழுக்கப் போவது அந்தக் கயிறுதான்.

அப்போது வாங்கும் வயர் 10 மீட்டருக்கு மேல் வரும். அந்த நீளத்தில் சாதாரணச் செம்பு வயரில் 4கே என்ற மிக நுணுக்கமான படம் கண் சிமிட்டும். கண்ணாடி இழை வைத்த ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. வாங்குங்கள். அதற்குத் தலை வேறு, வால் வேறு: ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்பிளே' என்று எழுதியிருக்கும். ஒரு வீட்டில் நானே அவசரத்தில் மாற்றி இழுத்துவிட்டு, படம் வராமல் அரை நாள் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா மூன்று தடவை டீ கொடுத்தார்கள். கடைசியில் வயரை உருவித் திருப்பிப் போட்டேன்.

கம்பி கட்டி பைப் எல்லாம் பதித்த பிறகு, கான்கிரீட் கொட்டும் முன், டேப்பைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து போனில் நாலைந்து படம் எடுத்துவிடுங்கள். பின்னால் ஆங்கர் போல்ட்டுக்கு டிரில் போடும்போது எந்தப் பைப் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும். ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தால், புரொஜெக்டர் கம்பி ஜிப்சம் பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே தளத்தில்தான் பிடிக்க வேண்டும். பலகையில் மாட்டினால் ஒருநாள் பலகையோடு சேர்ந்து சோபாவில் வந்து உட்காரும்.

*

எட்டாயிரம் ரூபாய்க்கு '9000 லூமன்ஸ், 4கே சப்போர்ட்' என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
- கல்லூரி மாணவர், அரூர்

தம்பி, லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. அந்த 9000 எந்தத் தராசில் நிறுத்தது என்று கேளுங்கள். 'ஆன்சி லூமன்ஸ்' என்றால் ஒரு முறை இருக்கிறது. வெள்ளைப் படத்தைப் போட்டு, ஒன்பது இடத்தில் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, படத்தின் பரப்பால் பெருக்க வேண்டும். வெறும் 'லூமன்ஸ்' என்று போட்டால் அது பெரும்பாலும் விற்கிறவர் வாயில் வந்த எண். இந்த விலைப் பெட்டிகளை அப்படி அளந்தால் சில நூறைத் தாண்டாது.

டிஜிட்டல் சினிமாத் திரைக்கு ஒரு சதுர அடிக்குச் சுமார் 14 லூமன் வெளிச்சம் என்பது கணக்கு. 100 அங்குலத் திரை ஏறக்குறைய 30 சதுர அடி. ஆக, நல்ல இருட்டறையில் உண்மையான 420 லூமன் இருந்தாலே தியேட்டர் மாதிரி பார்க்கலாம். 120 அங்குலத்துக்கு 600 வேண்டும். ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன் என்றால் இதுபோலப் பல மடங்கு. அந்த இடத்தில்தான் காசு போகும்.

'4கே சப்போர்ட்' என்றால் 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள், காட்டும் என்று இல்லை. மெஷினில் உண்மையில் எத்தனை புள்ளி என்று சொல்லும் 'நேட்டிவ்' என்ற வரியில் என்ன எண் என்று பாருங்கள். 1280-க்கு 720 என்று இருந்தால் அவ்வளவுதான் உங்கள் படம்.

*

திரை வாங்கத்தான் வேண்டுமா? வெள்ளை வேட்டி போதாதா?
- வாசகர், பென்னாகரம்

வேட்டியில் நிறைய வெளிச்சம் ஊடுருவிப் பின்பக்கம் போய்விடும். காற்றடித்தால் நடிகர் முகம் அலை அலையாக ஓடும். மொட்டை மாடியில் ஒருநாள் கூத்துக்குப் பரவாயில்லை.

தினமும் பார்க்கச் சுவரே போதும். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். மேடு பள்ளமெல்லாம் நிழலாகக் காட்டிக்கொடுக்கும். அங்கே பட்டி பூசி உப்புத்தாள் போட்டு, பளபளப்பு இல்லாத வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடியுங்கள். சுற்றிலும் மூன்று அங்குலம் கறுப்பு வெல்வெட் பட்டை ஒட்டினால் படம் சட்டென்று எடுப்பாகத் தெரியும். நாங்கள் தியேட்டரில் கறுப்புத் துணி கட்டியதும் அதற்குத்தான். சுவரை ஒட்டி வைக்கிற அல்ட்ரா ஷார்ட் துரோ மெஷினுக்கு மட்டும் இது ஆகாது. ஒளி அடியிலிருந்து சரிந்து ஏறுவதால் கொத்தனார் கை விட்ட ஒவ்வொரு மேடும் படத்தில் தெரியும். அதற்கு இறுக்கிக் கட்டிய திரை வாங்கியே ஆக வேண்டும்.

*

இருட்டுக் காட்சிகளில் பச்சையாக ஒரு புகைத் திட்டு ஒரே இடத்தில் நிற்கிறது. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை.
- வாசகர், காவேரிப்பட்டணம்

ஃபோகஸை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். படம் மசங்கும்போது திட்டு மட்டும் தெளிவானால் தூசி உள்ளே போய்விட்டது. நீங்கள் திறக்காதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள். வந்த பிறகு வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் சமையலறைத் தாளிப்பும் அந்தப் பக்கம் வராமல் பாருங்கள். ஃபில்டர் உள்ள மெஷின் என்றால் மாதம் ஒருமுறை அதைச் சுத்தம் செய்யுங்கள். கிரானைட் லாரி ஓடும் ரோட்டோரம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. காற்று போக வர மெஷினைச் சுற்றி ஓர் அடி இடம் இருக்கட்டும். கொசு வராமல் துணி போர்த்தி ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த மெஷின் இப்போது அவர் பரணில் இருக்கிறது.

*

வாய் முதலில் அசைகிறது, பேச்சு பிறகு வருகிறது. புளூடூத் ஸ்பீக்கர் வைத்திருக்கிறோம்.
- வாசகி, ஊத்தங்கரை

புளூடூத் வழியாகப் போகும் சத்தம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். சத்தத்தைக் கொண்டுபோகும் ஒரு ஆக்ஸ் வயர் வாங்கி மெஷினிலிருந்து ஸ்பீக்கருக்கு நேரடியாகச் செருகுங்கள். ஸ்பீக்கரை மெஷின் பக்கத்தில் வைக்காமல் திரைக்குக் கீழே வையுங்கள் அம்மா.