வாத்தியார் வேலைக்கு இவ்வளவு படிப்பா?

கேள்வி: அம்மா, நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பவர்லூமில் கைலி நெய்கிறார். பெரிய மகள் வேலூரில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கேம்பஸ் இன்டர்வியூ வரப்போகிற நேரத்தில், "எனக்கு இப்போ வேலை வேணாம்மா. மேலே படிச்சு பி.எச்டி. முடிச்சு ப்ரொஃபசர் ஆகணும். விண்கலம் போற பாதையைக் கணக்குப் போடற ஆராய்ச்சி பண்ணணும்" என்கிறாள். என் அண்ணனோ, "ராக்கெட் ஆசை இருந்தா இஸ்ரோவுக்குப் போகச் சொல்லு. வாத்தியார் வேலைக்கு எதுக்கு இன்னும் ஏழெட்டு வருஷம்?" என்று கேட்கிறார். கல்யாணம் தள்ளிப்போகுமே என்று வீட்டுக்காரருக்குக் கவலை. சின்னவள் பத்தாவது படிக்கிறாள். இத்தனை வருஷம் படிக்கவைக்க எங்களால் முடியுமா? முதலில், இப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். இருக்கிறது. அது என்ன வேலை என்று உங்கள் ஊரை வைத்தே சொல்லலாம்.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். தரணம்பேட்டையில் கிளம்பி கோபாலபுரம் கோயிலுக்கு வருகிறது. அத்தனை கூட்டத்தில் சிரசை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? இப்போது அது இருக்கிற தெருவுக்கு ஓடமாட்டீர்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அது நகர்ந்திருக்கும். இன்னும் அரை மணியில் எந்த முனைக்கு வரும் என்று கணக்குப் பண்ணி, முன்னாலேயே அங்கே போய் நிற்பீர்கள். விண்கலத்தின் பாதையும் அப்படித்தான் போடப்படுகிறது. மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. செவ்வாயை அடைந்தது 2014 செப்டம்பர் 24. கிளம்பிய நாளில் செவ்வாய் நின்ற இடத்தைக் குறிவைத்திருந்தால், போய்ச் சேரும்போது அங்கே ஒன்றும் இருந்திருக்காது. பத்து மாதம் கழித்து அது எங்கே வந்திருக்கும் என்பதைத்தான் குறிவைத்தார்கள். அதற்குத் தோதாகப் பூமியும் செவ்வாயும் அமைவது சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான்.

"அதான் போட்டுட்டாங்களே, இனி என்ன ஆராய்ச்சி?" என்று உங்கள் அண்ணன் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூமியும் ஒரு கலமும் மட்டும் என்றால் கணக்கு சுத்தமாக முடியும். பாதை எதுவென்று சூத்திரத்தில் எழுதிவிடலாம். சூரியன், பூமி, கலம் என்று மூன்றானதும் கதை மாறிவிடுகிறது. எல்லாப் பாதைகளையும் அடக்குகிற மாதிரி கைக்கடக்கமான சூத்திரம் எதுவும் அங்கே இல்லை. தொடக்கத்தில் துளி மாற்றினாலும் கலம் வேறெங்கோ போய்விடும். சூரியனும் பூமியும் போல இரண்டு பெரிய பொருள்கள் இழுக்கிற இடத்தில், மூன்றாவது சின்னப் பொருள் அவற்றோடு சேர்ந்தே சுற்றக்கூடிய ஐந்து புள்ளிகள் உண்டு. 1772-லேயே லக்ராஞ்சு என்ற கணித மேதை இதைப் பற்றி எழுதினார். சூரியனை ஆராயப் போன நம்முடைய ஆதித்யா-எல்1 கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி அப்படி ஒரு புள்ளியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரி 6 அன்று அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தப் புள்ளியில் கல் இல்லை, மண் இல்லை, வெறும் வெளி. வெறும் வெளியை ஒரு கலம் சுற்றிவருகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

இந்தத் துறையில் ஒரு பேராசிரியரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு நான் சொல்வது கேத்லீன் ஹாவெலைத்தான். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர். 1983-ல் ஸ்டான்ஃபோர்டில் பி.எச்டி. முடித்தவர். இப்படிப்பட்ட புள்ளிகளைச் சுற்றும் ஒரு வகைப் பாதைகளுக்கு ஹேலோ பாதை என்று பெயர். அவற்றைக் குடும்பம் குடும்பமாகக் கணக்கிட்டு 1984-ல் ஒரு கட்டுரை எழுதினார். உடனே அதை வைத்து யாரும் கலம் அனுப்பிவிடவில்லை. 2001-ல் சூரியக் காற்றின் துகள்களைப் பிடித்துவர ஜெனிசிஸ் கலம் புறப்பட்டபோது, அதன் பாதையை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். 2022-ல் நாசா 25 கிலோ எடையில் கேப்ஸ்டோன் என்ற சின்னக் கலத்தை நிலவுக்கு அனுப்பியது. ஆறரை நாளுக்கு ஒருமுறை நிலவைச் சுற்றிவரும் அந்த நீண்ட ஒடுக்கமான பாதையும் அதே ஹேலோ குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கட்டுரைக்கும் அந்தக் கலத்துக்கும் நடுவே 38 வருஷம். இடைப்பட்ட காலமெல்லாம் அவர் பாடம் எடுத்தார், மாணவர்களை ஆராய்ச்சியில் வளர்த்தார், பாதைகளைக் கணக்கிட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் மகள் கேட்பது இந்த வாழ்க்கையை. நாள் முழுக்க ஓடவிட்ட புரோகிராம் சாயங்காலம் "கன்வெர்ஜ் ஆகலை", அதாவது விடைக்கு வந்து சேரவில்லை, என்று வந்து நிற்கும். மறுநாள் வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் வகுப்பு, விடைத்தாள், மாணவர்களின் ப்ராஜெக்ட். பலன் கண்ணுக்குத் தெரியப் பல வருஷம் ஆகும், சில பேருக்குத் தெரியாமலே போகும். மார்க்கைவிட இந்தப் பொறுமை அவளிடம் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். நாசாவின் ஜிமேட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பூமியிலிருந்து நிலவுக்கு ஒரு பாதையை அதில் அவளே போட்டுப் பார்க்கட்டும். இரண்டு மாதம் தவறாகவே வந்து, அப்புறமும் ராத்திரி சாப்பாட்டை மறந்து அதிலேயே உட்கார்ந்திருந்தாளானால் நீங்கள் தடுக்காதீர்கள். மூன்றாம் வாரமே மூடி வைத்துவிட்டால் அதிலும் தவறில்லை, கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகட்டும்.

பணத்துக்கு வருகிறேன். உங்களுக்குள்ள பெரிய பயம் இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. பி.இ. முடிகிற வரைதான் உங்கள் செலவு. எம்.டெக். சேர்வதற்கான கேட் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து ஐ.ஐ.டி., பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. போன்ற இடங்களில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். பி.எச்டி.யில் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அதற்குப் பிறகு 42,000. பெரிய சம்பளம் இல்லை, ஆனாலும் அப்பாவின் தறியை நம்பியிருக்க வேண்டிய அவசியம் இருக்காது. சின்னவள் படிப்புக்கு எடுத்து வைத்திருக்கிற காசில் கை வைக்கவும் வேண்டாம். மெக்கானிக்கல் படித்தவர்கள் ஏரோஸ்பேஸுக்கு மாறுவது வழக்கத்தில் உள்ளதுதான்.

பி.எச்டி.க்குப் பின்னால் வருகிற கட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐ.ஐ.டி.யில் உதவிப் பேராசிரியர் இடம் கிடைத்துவிட்டால் அடிப்படைச் சம்பளமே 1 லட்சத்தைத் தாண்டும். ஆனால் இடங்கள் குறைவு. பெரும்பாலும் வெளிநாட்டிலோ இங்கேயோ இரண்டு மூன்று வருஷம் தற்காலிக ஆராய்ச்சி வேலை பார்த்துவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர முடிகிறது. தனியார் கல்லூரிக்குப் போகலாம் என்றால், எல்லாக் கல்லூரிகளும் ஒரே மாதிரி இல்லை. நான் முதலில் கணக்கு நடத்தப் போன கல்லூரியில் கோடை விடுமுறை இரண்டு மாதமும் சம்பளம் தரவில்லை. கேட்டதற்கு, "லீவுல என்னம்மா வேலை செஞ்சீங்க?" என்றார்கள். அந்த மே மாதத்தை நான் மறக்கவில்லை. வேலைக்குச் சேரும் முன் அங்கே ஏற்கெனவே இருக்கிறவர்களிடம் இதையெல்லாம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். இஸ்ரோவும் இந்தப் படிப்பும் எதிரெதிர் வழிகள் இல்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் பக்கத்து விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் தொடங்கி மெக்கானிக்கல் படித்து, பிற்பாடு ஐ.ஐ.டி. மெட்ராஸில் பி.எச்டி.யும் முடித்தவர். ரெஸ்பாண்ட் என்ற திட்டத்தில் இஸ்ரோவே கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஆராய்ச்சிப் பணம் தருகிறது. அவள் பி.எச்டி. முடித்துவிட்டு இஸ்ரோவுக்குப் போகவும் வழி உண்டு, பேராசிரியராக இருந்துகொண்டே இஸ்ரோவுக்கு வேலை செய்யவும் வழி உண்டு.

கல்யாணம். இதில் நான் ஒரு பக்கமாகத்தான் பேசுவேன், மன்னியுங்கள். வேலூரில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். "கல்யாணத்துக்கு அப்புறம் படிச்சுக்கோ" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களில் எத்தனை பேர் நோட்டை மறுபடி திறந்தார்கள் என்று எண்ணினால் என் இரண்டு கை விரல்களிலேயே மிச்சம் இருக்கும். ஆகவே கல்யாணத்தையும் படிப்பையும் கோத்துப் பேசாதீர்கள். எம்.டெக். முடியும்போது அவளுக்கு 23, 24 வயதுதான் இருக்கும். பி.எச்டி. நடுவில் மணம் முடித்துத் தொடர்ந்து படிக்கிறவர்களும் உண்டு. அவள் உதவித்தொகையையும் ஊர் மாறுவதையும் மதிக்கிற வீடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவிடம் இதை அவளே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

ஒரு சனி ஞாயிறில் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் போய்வாருங்கள். இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்றாலும் எங்களைப் போன்ற பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது நம்ம ஜவ்வாது மலைதான். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986 முதல் இருக்கிறது. பொதுமக்கள் வருகிற நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். 1988-ல் அந்த மலையிலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். பல ராத்திரிகளில் அது நின்ற இடங்களைக் குறித்துவைத்து, இனி எங்கே வரும் என்று கணக்குப் போட்டால்தான் அப்படி ஒன்றை மறுபடி பிடிக்க முடியும். உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவதும் இதே கணக்குதான். மலைமேல் நின்று அவள் வாயாலேயே அப்பாவுக்கு விளக்கட்டும்.

கேட் தேர்வை மூன்றாம் வருஷத்திலேயே எழுதிப் பார்க்கலாம், பிப்ரவரியில் நடக்கும். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதிதான். அதை நீங்களே உங்கள் கையால் கட்டுங்கள்.