தனிமமா, சேர்மமா, கலவையா? – கேள்வி பதில்

கேள்வி: ஓசோன் மூலக்கூறில் மூன்று அணுக்கள் இணைந்துள்ளனவே, அது சேர்மமா? (மாணவி)

பதில்: இல்லை. மூன்றும் ஆக்சிஜன் அணுக்களே என்பதால் ஓசோன் தனிமம்தான். சேர்மம் உருவாக வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் வேதிப்பிணைப்பால் இணைய வேண்டும்.

கேள்வி: 22 காரட் தங்கம்? (இல்லத்தரசி)

பதில்: கலவை. அதில் தங்கம் 91.6 விழுக்காடு, மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். 18 காரட்டில் தங்கம் 75 விழுக்காடுதான். விகிதத்தை இப்படி விரும்பியபடி மாற்ற முடிவதே கலவையின் இயல்பு.

கேள்வி: காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடும் ஆக்சிஜன் 21 விழுக்காடும் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க, அதை ஏன் சேர்மம் என்பதில்லை? (ஆசிரியர்)

பதில்: அந்த அளவு பிணைப்பால் வந்ததன்று, வளிமண்டலம் இடையறாது கலந்துகொண்டே இருப்பதால் வந்தது. நீரை எங்கிருந்து எடுத்தாலும் அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நிறையளவில் 1:8 என்றே இருக்கும். மூடிய அறையில் பலர் மூச்சுவிட்டாலோ ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. அப்போதும் அது காற்றுதான். மேலும், காற்றைத் திரவமாக்கினால் நைட்ரஜன் −196 டிகிரி செல்சியசிலும் ஆக்சிஜன் −183 டிகிரியிலும் தத்தம் கொதிநிலையை ஒட்டிப் பிரிகின்றன. ஆலைகளில் பேரளவில் ஆக்சிஜன் எடுக்கப்படுவது இம்முறையில்தான்.

கேள்வி: மாறாத கொதிநிலை தூய பொருளின் அடையாளம் என்கிறார்கள். ஆனால் 95.6 விழுக்காடு எத்தனாலும் (ஆல்கஹால்) மீதி நீரும் உள்ள திரவம் 78.2 டிகிரியில் மாறாமல் கொதிக்கிறதே? (கல்லூரி மாணவர்)

பதில்: மிகச் சிறந்த கேள்வி. இது கொதிநிலை மாறாக் கலவை. இதன் ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில் அமைவதால், எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் இரண்டும் பிரிவதில்லை. ஆனால் அழுத்தத்தை மாற்றிப் பாருங்கள், அந்த 95.6 என்னும் அளவே மாறிவிடும். சேர்மத்தின் இயைபு ஒருபோதும் அப்படி மாறாது. எனவே கொதிநிலையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதைப் பாடநூல்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பேன். எஞ்சிய நீரை அகற்றச் சுட்ட சுண்ணாம்பைச் சேர்ப்பதுண்டு.

கேள்வி: அந்தச் சுண்ணாம்பையே பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே 1789இல் தனிமங்களின் பட்டியலில் சேர்த்தது எப்படி? (அதே மாணவர்)

பதில்: அறிந்த எம்முறையாலும் மேலும் பகுக்க முடியாததே தனிமம் என்பது அவரது வரையறை. சுண்ணாம்பு ஆக்சிஜனை மிக இறுகப் பற்றியிருப்பதால் அன்றைய முறைகள் எதற்கும் அது பிரியவில்லை. ஆயினும் அது உலோக ஆக்சைடாக இருக்கலாம் என அவரே ஐயுற்றார். 1808இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்தெடுத்தார்.