ஒரே தரவுத்தளத்தில் நாற்பது கடைகள்

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் நாற்பது கடைகளுக்கு, நான்கு பேர் கொண்ட எங்கள் நிறுவனம் கணக்கு மென்பொருள் வழங்குகிறது. எல்லாக் கடைகளின் தரவும் அமேசன் கிளவுடில் (இணையவழி வாடகைக் கணினிச் சேவை), ஒரே கணக்கின் கீழ், ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு கடையின் அறிக்கையில் இன்னொரு கடையின் கடன் விபரங்கள் கலந்து வந்துவிட்டன. ஒவ்வொரு கடைக்கும் தனிக் கிளவுட் கணக்கு திறப்பதுதான் வழியா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: அந்த இரண்டு முதலாளிமாருக்கும் நடந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே சொல்லுங்கள். கடனில் சரக்குப் புரளும் புறக்கோட்டையில், யாரிடம் எவ்வளவு நிலுவை என்பது அடுத்த கடைக்குத் தெரியக்கூடாத விடயம். கலந்துபோன அந்தப் பதிவு வரிகளில் தனிநபர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்திருந்தால், இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நீங்கள் வாசித்தாக வேண்டும். பிறருக்காகத் தரவைக் கையாள்பவருக்கும் அது கடமைகளை விதிக்கிறது.

நாற்பது கணக்குகள் திறக்கலாம். அமேசனின் 'ஆர்கனைசேஷன்ஸ்' சேவை அவற்றை ஒரு தலைமைக் கணக்கின் கீழ்க் கொண்டுவந்து ஒரே பில்லாகத் தரும். ஆனால் நாற்பது தரவுத்தளங்களுக்கும் மாதக் கட்டணம் ஓடும், ஒவ்வொரு திருத்தத்தையும் நாற்பது இடங்களில் ஏற்றவேண்டும், நான்கு பேரால் அதைத் தவறாமல் செய்துவர முடியும் என்று நான் நினைக்கவில்லை. தனியாக வேண்டும் என்று கேட்டு அதற்குரிய செலவையும் ஏற்கும் பெரிய கடைக்கு மட்டும் தனிக் கணக்கு கொடுங்கள்.

உங்களுக்கு நேர்ந்ததன் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: 'இந்தக் கடையின் வரிகள் மட்டும்' என்ற நிபந்தனையை, தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் ஒவ்வொரு வினவலிலும் கையால் எழுதுகிறீர்கள், புதிய அறிக்கை ஒன்றில் அது விடுபட்டிருக்கிறது. அந்த வேலையைத் தரவுத்தளத்திடமே ஒப்படையுங்கள். 2016இல் வெளியான 9.5 பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸில் 'ரோ லெவல் செக்யூரிட்டி' என்ற வசதி உண்டு; யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்பதைத் தரவுத்தளமே தீர்மானிக்கும். அட்டவணையில் அதை இயக்கி ஒரு விதியை எழுதிவிட்டால், நிரலாளர் நிபந்தனையை மறந்தாலும் அடுத்த கடையின் வரி வெளியே வராது.

இதில் இரண்டு இடங்களில் பலர் வழுக்குகிறார்கள். அட்டவணையின் உரிமையாளருக்கு இந்த விதி இயல்பாகப் பொருந்தாது, எல்லா உரிமைகளும் உள்ள சூப்பர் யூசருக்கு ஒருபோதும் பொருந்தாது. ஆகவே மென்பொருள் அந்தப் பெயர்களில் தரவுத்தளத்துக்குள் நுழையாமல், குறைந்த உரிமைகளுடைய வேறொரு பெயரில் நுழையவேண்டும். மற்றது, மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்புகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது முந்திய கடையின் அடையாளம் இணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அப்போது விதி சரியாக வேலை செய்தபடியே தவறான கடையைக் காட்டும். கடை இலக்கத்தை 'செட் லோக்கல்' என்ற கட்டளை மூலம் அந்தந்தப் பரிவர்த்தனைக்குள் (தரவுத்தளம் ஒரே தொகுதியாகச் செய்து முடிக்கும் வேலை) மட்டும் வையுங்கள், பரிவர்த்தனை முடிந்ததும் அது தானாக நீங்கிவிடும்.

பிறகு இரண்டு போலிக் கடைகளைத் திறந்து, ஒன்றின் பெயரில் நுழைந்து, முகவரிப் பட்டையில் பில் இலக்கத்தை மாற்றி மற்றதன் பில்லைத் திறக்க முயன்று பாருங்கள். ஒவ்வொரு புதிய பதிப்பையும் ஏற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.